மலிவுவிலைக் கைத்துப்பாக்கித் தோட்டாவின் தரமும் நம்பகத்தன்மையும்: மதிப்பீட்டு முறைகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்று நம்பத்தக்கதா என்பதை அதனைச் சுட்டுப் பார்த்தே உறுதியாக அறிய முடியும். சுட்ட பின் அத்தோட்டா எஞ்சுவதில்லை. எனவே தோட்டாவின் தரம் குறித்த எந்தத் தீர்ப்பும், சுடப்பட்ட சிலவற்றைக் கொண்டு சுடப்படாத பலவற்றைப் பற்றிச் செய்யப்படும் ஊகமே. இந்த ஊகத்திற்கு அடிப்படையாக அமைந்த சோதனைகள் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் எவ்வாறு வளர்ந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பித்தளைக்கு மாற்றாக எஃகும் ஈயத்திற்கு மாற்றாக இரும்பும் பயன்பட்ட இரண்டாம் உலகப் போர்க்காலம் சிறப்பாகக் கவனிக்கப்படுகிறது. விலையோ மூலப்பொருளோ தோட்டாவின் நம்பகத்தன்மையைத் தீர்மானிப்பதில்லை. தொகுதியின் ஒருமையும் அத்தொகுதியின் சோதனைப் பதிவுமே அதனைத் தீர்மானிக்கின்றன என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தோட்டா, நம்பகத்தன்மை, தொகுதி, மாதிரிச் சோதனை, எஃகு உறை, பிரைமர், தொடர்முறைப் பகுப்பாய்வு

முன்னுரை

படைக்கலங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் துப்பாக்கியை முதன்மைப்படுத்துகின்றனர். துப்பாக்கிக்குப் பெயர் உண்டு, வடிவமைத்தவர் உண்டு, அருங்காட்சியகத்தில் இடமும் உண்டு. தோட்டாவோ கோடிக்கணக்கில் உருவாகி, பயன்பட்ட கணத்திலேயே அழியும் நுகர்பொருள். எனினும் துப்பாக்கி இயங்குமா என்ற வினாவின் பெரும்பகுதி தோட்டாவைச் சார்ந்தது. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை எடுக்கும் காவலருக்கு அடுத்த தோட்டா சுடுமா என்பது உயிர் சார்ந்த கேள்வி.

விலை குறைந்த தோட்டாக்களைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. மலிவானது நம்பத்தகாதது என்பது ஒன்று. ஒரு பெட்டி குறையின்றிச் சுட்டுவிட்டால் அவ்வகை நல்லது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தோட்டாச் சோதனையின் வரலாறு ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரம் என்னும் சொல்லின் மூன்று பொருள்கள்

நவீனத் தோட்டா நான்கு உறுப்புகளைக் கொண்டது: மற்றவற்றைத் தாங்கும் உலோக உறை, அடிப்பகுதியில் தீமூட்டும் பிரைமர், உள்ளே உந்துமருந்து, முனையில் குண்டு. சுடும் ஊசி பிரைமரைத் தட்டியதும் அது தீப்பற்றுகிறது. உந்துமருந்து எரிந்து வாயுவாகிறது. அவ்வாயுவின் அழுத்தத்தால் உறை விரிந்து வெடியறையின் சுவரோடு ஒட்டி வாயு பின்னோக்கிக் கசியாமல் அடைக்கிறது. குண்டு குழலின் வழியே வெளியேறுகிறது. அழுத்தம் தணிந்ததும் உறை சற்றுச் சுருங்கி வெடியறையிலிருந்து விடுபட வேண்டும். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் இந்நிகழ்வுகளில் ஒன்று தவறினாலும் அடுத்த தோட்டா ஏறாது.

இவ்வியக்கத்தை நோக்கும்போது, தோட்டாவின் ‘தரம்’ மூன்று வேறுபட்ட பொருள்களில் வழங்கிவருவது புலனாகிறது. முதலாவது தாக்குதிறன்: குண்டு இலக்கை அடைந்தபின் என்ன செய்கிறது என்பது. அமெரிக்கத் தரைப்படைக்காக 1904இல் ஜான் தாம்சன், லூயி லகார்ட் ஆகியோர் நடத்திய சோதனைகளும், 1986ஆம் ஆண்டு மயாமித் துப்பாக்கிச் சண்டைக்குப் பின் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை வகுத்த ஜெலட்டின் சோதனைகளும் இதனைச் சார்ந்தவை. இரண்டாவது சீர்மை: ஒரு தோட்டாவின் வேகமும் அழுத்தமும் அடுத்த தோட்டாவோடு எந்த அளவு ஒத்திருக்கின்றன என்பது. மூன்றாவது நம்பகத்தன்மை: தோட்டா ஏறி, சுட்டு, உறை வெளியேறும் முழுச்சுற்றும் தடையின்றி நிகழுமா என்பது. முதலாவதில் தேறிய தோட்டா மூன்றாவதில் தோற்கலாம். இக்கட்டுரை பின்னிரு பொருள்களையே எடுத்துக்கொள்கிறது.

கண்ணிலிருந்து கருவிக்கு

தோட்டா தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே வெடிமருந்தைச் சோதிக்கும் தேவை எழுந்திருந்தது. மருந்தை வெண்தாளில் எரித்துக் கறையைப் பார்த்தல், விரலிடையே நசுக்கி ஈரத்தை அறிதல் போன்றவை பழைய முறைகள். சிறிதளவு மருந்தை எரித்து, அது ஒரு மூடியையோ சக்கரத்தையோ எவ்வளவு நகர்த்துகிறது என்று காட்டும் சிறுகருவிகள் ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டு முதல் வழங்கின. இவை ஒரு மருந்தை மற்றொன்றோடு ஒப்பிட உதவினவேயன்றிக் குண்டின் வேகத்தை அளந்து சொல்லவில்லை.

அவ்வளவையை ஏற்படுத்தியவர் ஆங்கிலக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் வெளிவந்த தம் பீரங்கியியல் நூலில் அவர் எறியியல் ஊசலை விளக்கினார். தொங்கும் கனமான பலகையில் குண்டு பாய்ந்து பதிய, ஊசல் பின்னோக்கி அசையும். அசைவின் அளவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். ‘வலிய மருந்து’, ‘மெலிய மருந்து’ என்னும் வாய்மொழித் தீர்ப்பின் இடத்தில் எண் வந்தது. ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் சீரமைக்க இந்தியா வந்து, 1751இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் இறந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் இரண்டு கருவிகள் இவ்வழியை முழுமைப்படுத்தின. பெல்ஜியப் படை அதிகாரி லெ புலாஞ்சே மின்காந்த நேரமானியை அமைத்தார். ஸ்காட்லாந்தியரான ஆண்ட்ரூ நோபிள், செம்பு உருளை எந்த அளவு நசுங்குகிறது என்பதைக் கொண்டு குழலினுள் எழும் அழுத்தத்தை அளந்தார். வேகம், அழுத்தம் ஆகிய இரண்டும் எண்களாயின. எனினும் இவை சுடப்பட்ட தோட்டாவைப் பற்றிய எண்களே. சுடப்படாது பெட்டியில் இருப்பதைப் பற்றி இவை என்ன சொல்ல இயலும் என்ற வினாவை அக்காலத்தில் எவரும் கணக்கியல் முறையில் எழுப்பவில்லை.

ஒரு துப்பாக்கியும் 6,000 தோட்டாக்களும்

1911 மார்ச்சில் அமெரிக்கத் தரைப்படை, கோல்ட், சாவேஜ் என்னும் இரு நிறுவனங்களின் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளை இறுதிச் சோதனைக்கு உட்படுத்தியது. ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. இடையிடையே துப்பாக்கி குளிரூட்டப்பட்டுத் துடைக்கப்பட்டது. கோல்ட் துப்பாக்கி ஒருமுறையும் தடைபடவில்லை. அம்மாதம் 29ஆம் நாள் அது படையால் ஏற்கப்பட்டது.

துப்பாக்கியின் வெற்றியாகவே இந்நிகழ்வு நினைவுகூரப்படுகிறது. ஆயின் அது தோட்டாக்களின் வெற்றியும் ஆகும்: 6,000 பிரைமர்களுள் ஒன்றும் பொய்க்கவில்லை, 6,000 உறைகளுள் ஒன்றும் சிக்கவில்லை. வடிவம் சிதைக்கப்பட்ட தோட்டாக்களை வேண்டுமென்றே ஊட்டிப் பார்க்கும் சோதனையும் அத்தேர்வில் இடம்பெற்றது. தோட்டாவின் குறையைத் துப்பாக்கி எந்த அளவு பொறுத்துக்கொள்ளும் என்பதை அது அறிய முயன்றது. நம்பகத்தன்மை தோட்டாவுக்கு மட்டும் உரிய பண்பன்று, தோட்டாவும் துப்பாக்கியும் சேர்ந்த இணைக்கு உரியது என்ற புரிதல் அதில் அடங்கியிருக்கிறது. ஒரு துப்பாக்கியில் தடையின்றி இயங்கும் தோட்டா வேறொன்றில் சிக்குவதை இதன்வழி விளங்கிக்கொள்ளலாம்.

பித்தளையின் தோல்வி

மலிவான உலோகம் தாழ்ந்தது, பித்தளை உயர்ந்தது என்னும் எண்ணத்தை ஆராய்வதற்கு ஆங்கிலேய இந்தியாவின் அனுபவம் ஏற்றது. படை முகாம்களில் சேமிக்கப்பட்ட பித்தளைத் தோட்டாக்களின் உறைகள் பருவமழைக் காலங்களில் தாமாகவே வெடிப்புவிட்டன. தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது அவற்றில் கண்ணுக்குத் தெரியும் குறை ஏதுமில்லை. பருவத்தோடு தொடர்புடையதாகத் தோன்றியமையால் இது பருவ வெடிப்பு எனப் பெயர் பெற்றது.

மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921இல் இதன் காரணத்தை விளக்கினர். உறையைக் குளிர்நிலையில் இழுத்து வடிக்கும்போது உலோகத்தினுள் தகைவு எஞ்சிவிடுகிறது. குதிரை இலாயங்களின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரமான காற்றில் அத்தகைவுற்ற பித்தளையைத் தாக்கிப் பிளக்கிறது. தகைவு மட்டுமோ அம்மோனியா மட்டுமோ இதைச் செய்வதில்லை. இரண்டும் சேரும்போதே வெடிப்பு நிகழ்கிறது. வடித்த உறையை மிதமாகச் சூடேற்றி உள்தகைவைத் தளர்த்துவதே தீர்வாயிற்று. பாதரச நைட்ரேட்டுக் கரைசலில் மாதிரியை அமிழ்த்தி, மறைந்துள்ள தகைவை விரைவில் வெளிப்படுத்தும் சோதனையும் வழக்கத்திற்கு வந்தது.

தொழிற்சாலை வாயிலில் தேறிய பொருள் பண்டசாலையில் தோற்கலாம் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. எனவே தரச் சோதனை காலத்தையும் தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியதாயிற்று. உந்துமருந்துக்கும் இது பொருந்தும். நைட்ரோசெல்லுலோசை அடிப்படையாகக் கொண்ட புகையற்ற மருந்துகள் வெப்பத்தில் மெல்லச் சிதைபவை. ஃபிரடெரிக் ஏபெல் வகுத்த வெப்பச் சோதனையில் மருந்தின் மாதிரியைச் சூடேற்றி, வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மாவுச்சத்தும் பொட்டாசியம் அயோடைடும் ஏற்றிய தாளை நிறமாற்ற எவ்வளவு நேரமாகிறது என்று காண்பர். நேரம் குறைந்தால் மருந்து நிலைப்பற்றது. நீலகிரியின் அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் ஆலையின் விளைபொருள் இவ்வகை மருந்தே. வெப்பநாட்டில் சேமிக்கப்படும் தோட்டாவுக்கு உற்பத்தி ஆண்டு, உற்பத்தியாளர் பெயருக்கு நிகரான சான்றாகும்.

தவறாமல் சுடும் தோட்டா, துருப்பிடிக்கும் குழல்

பிரைமரின் வரலாறு வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. பழைய பிரைமர்களில் பாதரச ஃபுல்மினேட்டும் பொட்டாசியம் குளோரேட்டும் பயன்பட்டன. பாதரசம் பித்தளையோடு கலந்து உறையை நொறுங்கச் செய்தது. பொட்டாசியம் குளோரேட்டு எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படிந்தது. சாதாரண உப்பைப் போலவே அது காற்றின் ஈரத்தை ஈர்த்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்தது. எண்ணெய் பூசிய குழலும் ஏன் துருப்பிடிக்கிறது என்ற புதிருக்கு அமெரிக்கச் சுரங்கத் துறையின் வில்பர்ட் ஹஃப் 1922இல் விடையளித்தார்: உப்பு எண்ணெயில் கரைவதில்லை, நீரிலேயே கரைகிறது. எனவே குழலை நீரால் கழுவியபின்தான் எண்ணெய் பூச வேண்டும்.

1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஈய ஸ்டிஃப்னேட்டை அடிப்படையாகக் கொண்ட, துரு விளைவிக்காத பிரைமர்கள் வணிகத்திற்கு வந்தன. வணிகச் சந்தை அவற்றை விரைந்து ஏற்றது. அமெரிக்கப் படையோ .45 கைத்துப்பாக்கித் தோட்டாவில் பழைய குளோரேட்டுப் பிரைமரையே இரண்டாம் உலகப் போர் முழுவதும் தொடர்ந்தது. நெடுங்காலச் சேமிப்பில் அதன் நிலைப்புத்தன்மை ஐயத்திற்கு இடமின்றி அறியப்பட்டிருந்ததே காரணம். அதே படை, புதிதாக வடிவமைத்த .30 கார்பைன் துப்பாக்கிக்குத் தொடக்கம் முதலே துரு விளைவிக்காத பிரைமரை வலியுறுத்தியது. அத்துப்பாக்கியின் வாயு இயங்குபகுதியைப் படைவீரர் எளிதில் கழற்றித் துடைக்க இயலாது.

இங்கு ஒரே வாங்குநர் இரண்டு தோட்டாக்களுக்கு இருவேறு அளவுகோல்களை வைத்ததைக் காண்கிறோம். இரண்டும் பகுத்தறிவுக்கு ஒத்த முடிவுகளே. தோட்டா பொய்க்காமல் சுடுவது ஒரு நன்மை. சுட்டபின் துப்பாக்கியைக் கெடுக்காமல் விடுவது வேறொரு நன்மை. குளோரேட்டுப் பிரைமர் கொண்ட உபரித் தோட்டாவைத் ‘தரமற்றது’ என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது இவ்விரண்டையும் குழப்புவதாகும். அதன் உண்மையான விலையில், சுட்ட அன்றே குழலைக் கழுவும் உழைப்பும் சேரும்.

போர்க்கால மாற்றுப்பொருள்கள்

மலிவான தோட்டா என்னும் கருத்து முழுவீச்சில் சோதிக்கப்பட்டது இரண்டாம் உலகப் போரில்தான். பித்தளையின் முதன்மைக் கூறாகிய செம்பு எல்லா நாடுகளிலும் தட்டுப்பாடானது. அமெரிக்கா 1943இல் தன் ஒரு சென்ட் நாணயத்தையே துத்தநாகம் பூசிய எஃகில் அச்சிட நேர்ந்தது. அக்காலத்தில் இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில், கிரைஸ்லர் நிறுவனத்தின் பிளிமத் மகிழுந்துத் தொழிற்சாலை தோட்டா ஆலையாக மாற்றப்பட்டது. போர் முடிவதற்குள் அங்கிருந்து 300 கோடிக்கும் மேற்பட்ட .45 தோட்டாக்கள் வெளிவந்தன. அவற்றுள் மிகப் பல எஃகு உறை கொண்டவை.

எஃகு உறை எளிய மாற்றன்று. பித்தளை அழுத்தத்தில் விரிந்து மீளச் சுருங்கும் இயல்புடையது. எஃகின் மீள்சுருக்கம் குறைவு. எனவே அது வெடியறையில் ஒட்டிக்கொள்ளக்கூடும். வாயுவை அடைக்கும் திறனும் குறைவு. துருவும் ஏறும். ஆயின் இக்குறைகளின் அளவு அழுத்தத்தைப் பொறுத்தது. .45 கைத்துப்பாக்கித் தோட்டாவின் உயர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 21,000 பவுண்டு. அக்கால அமெரிக்கப் படையின்.30 நீள்துப்பாக்கித் தோட்டாவிலோ அது 50,000ஐத் தாண்டும். கைத்துப்பாக்கித் தோட்டாவின் உறை குறுகியது, அழுத்தம் தாழ்ந்தது. நீள்துப்பாக்கியில் இடர் விளைவித்த உலோகம் கைத்துப்பாக்கியில் போதுமானதாக அமைந்ததற்கு இதுவே காரணம். துருவைத் தடுக்க மேற்பூச்சு இடப்பட்டது. மகிழுந்துத் தொழிலாளர்கள் உருவாக்கிய இத்தோட்டாக்களைப் படை ஏற்றுப் போர்முனைகளுக்கு அனுப்பியது.

ஜெர்மனியின் நிலை இன்னும் நெருக்கடியானது. அங்குச் செம்போடு ஈயமும் சேமிக்கப்பட வேண்டியிருந்தது. 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவின் ஈயக்குண்டு ஏறத்தாழ 8 கிராம் எடையுடையது. அதற்கு மாற்றாக இரும்பு உள்ளீடு கொண்ட குண்டு வந்தது. அதன் எடை ஏறத்தாழ 6.4 கிராம். எடை குறைந்ததால் வேகத்தை உயர்த்தி மருந்தின் அளவைத் திருத்த வேண்டியதாயிற்று. படைவீரர் பழைய தோட்டாவிலிருந்து வேறுபடுத்தி அறிவதற்காகக் குண்டின் மேலுறை கருநிறமாக்கப்பட்டது. பின்னர் இரும்புத்தூளை அழுத்திச் சுட்டெடுத்த குண்டும் பயன்பட்டது. எஃகு உறைகளுக்கு அரக்குப் பூச்சு இடப்பட்டது.

இவ்விரு நாடுகளின் அனுபவத்தில் ஒரு பொதுமை உண்டு. மாற்றுப்பொருள் தன்னளவில் நம்பகத்தன்மையைக் குலைக்கவில்லை. பொருளை மாற்றியபோது மருந்தின் அளவு, மேற்பூச்சு, உறையின் தடிப்பு, அடையாளக் குறி ஆகியவையும் உடன் திருத்தப்பட்டன; ஒவ்வொரு தொகுதியும் மீண்டும் சோதிக்கப்பட்டது. அத்திருத்தமும் சோதனையும் இல்லாத இடத்தில் பித்தளைத் தோட்டாவும் காப்பாற்றாது என்பதற்கு இந்தியாவின் பருவ வெடிப்பே சான்று.

மாதிரியின் கணக்கு

கோடிக்கணக்கான தோட்டாக்களை எவ்வாறு சோதிப்பது? இவ்வினாவுக்கான விடை தோட்டாத் தொழிலிலிருந்து வரவில்லை. தொலைபேசித் தொழிலிலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தின் ஹரோல்டு டாட்ஜ், ஹாரி ரோமிக் ஆகியோர் 1929இல் மாதிரி ஆய்வுமுறை ஒன்றை வெளியிட்டனர். ஒரு தொகுதியிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாதிரி எடுக்க வேண்டும், அதில் குறையுள்ளவை ஒரு வரம்புக்குள் இருந்தால் தொகுதியை ஏற்கலாம், மீறினால் மறுக்கலாம். இம்முறையின் அறிவார்ந்த நேர்மை, அது தன் பிழையை மறைக்காததில் உள்ளது. நல்ல தொகுதி தவறாக மறுக்கப்படும் வாய்ப்பு உற்பத்தியாளரின் இடர் எனவும், கெட்ட தொகுதி தவறாக ஏற்கப்படும் வாய்ப்பு நுகர்வோரின் இடர் எனவும் பெயரிடப்பட்டன.

1942 முதல் அமெரிக்கத் தளவாடத் துறை, பெல் ஆய்வகத்தாரின் துணையுடன் இவ்வகை அட்டவணைகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. போருக்குப் பின் அவை படைத்துறைத் தரநிலை 105 என்ற வடிவம் பெற்றன. பன்னாட்டுத் தரநிலைகளுக்கும் இந்தியத் தரநிலை 2500க்கும் அடிப்படையாயின. இன்று மின்விளக்கையும் மருந்துக் குப்பியையும் சோதிக்கும் முறையின் ஒரு வேர் தோட்டாக் கிடங்கில் உள்ளது.

அடுத்த வளர்ச்சி 1943இல் நிகழ்ந்தது. கடற்படைத் தளவாடத் துறையின் காரெட் ஷைலர் என்னும் அதிகாரி, கொலம்பியா பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் ஆய்வுக்குழுவின் ஆலன் வாலிசிடம் ஒரு குறையை முன்வைத்தார். சோதனைத் திட்டம் ஆயிரக்கணக்கில் சுடச் சொல்கிறது. அனுபவமுள்ள அதிகாரி சில நூறு சுட்டதுமே முடிவை அறிந்துவிடுகிறார். பிறகு எதற்காக எஞ்சியவற்றையும் சுட்டழிக்க வேண்டும்? வாலிசும் மில்டன் ஃபிரீட்மனும் இதனை ஆபிரகாம் வால்டிடம் கொண்டு சென்றனர். வால்டு இதற்குத் தொடர்முறைப் பகுப்பாய்வு என்னும் விடையைக் கண்டார். மாதிரியின் அளவை முன்கூட்டி உறுதிசெய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் ஏற்பதா, மறுப்பதா, தொடர்வதா என்று முடிவெடுக்கலாம். ஒரே அளவு உறுதிப்பாட்டைச் சராசரியாக ஏறத்தாழப் பாதி எண்ணிக்கையிலேயே எட்ட இம்முறை வழிசெய்தது. போர்க்காலத்தில் மறைவாக வைக்கப்பட்ட இவ்வறிக்கை, போர் முடிந்தபின் 1947இல் நூலாக விரிந்தது. இந்தியாவில் சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்டிருந்த வால்டு, 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் நிகழ்ந்த வானூர்தி விபத்தில் மனைவியுடன் உயிரிழந்தார்.

ஒரு பெட்டி சொல்வதும் சொல்லாததும்

இக்கணக்கை அன்றாட வழக்கத்தோடு பொருத்திப் பார்ப்பது பயன் தரும். நூற்றுக்கு ஒன்று பொய்க்கும் தொகுதி மிகத் தாழ்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் அத்தொகுதியிலிருந்து 50 தோட்டாக்கள் கொண்ட ஒரு பெட்டியைச் சுட்டால், ஒன்றும் பொய்க்காமல் இருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 60 விழுக்காடு. ஆயிரத்துக்கு ஒன்று பொய்க்கும் தொகுதியில் அதே நிகழ்தகவு 95 விழுக்காடு. தாழ்ந்த தொகுதியும் நல்ல தொகுதியும் ஒரு பெட்டியின் சோதனையில் பெரும்பாலும் ஒரே முகத்தையே காட்டுகின்றன.

200 தோட்டாக்கள் குறையின்றிச் சுட்டால், பொய்க்கும் வீதம் 1.5 விழுக்காட்டுக்கு மிகாது என்று மட்டுமே 95 விழுக்காடு உறுதியோடு கூறலாம். ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மிகாது என்று அதே உறுதியோடு கூற ஏறத்தாழ 3,000 சூடுகள் குறையின்றி அமைய வேண்டும். 1911ஆம் ஆண்டின் 6,000 சூடுகள் கூட, ஈராயிரத்துக்கு ஒன்று என்ற எல்லையைத்தான் அளிக்கின்றன. அதுவும் அந்த ஒரு துப்பாக்கிக்கு.

இக்கணக்குகள் யாவும் ஓர் எடுகோளின்மீது நிற்கின்றன: தொகுதி ஒருமையுடையதாக இருக்க வேண்டும். ஒரே மருந்துக் கலவை, ஒரே வகைப் பிரைமர், ஒரே எந்திரவரிசை, ஒரே காலம் ஆகியவற்றால் உருவானதே தொகுதி. பெட்டியின்மீது அச்சிடப்படும் தொகுதி எண் இந்த ஒருமைக்கான சான்று. அவ்வெண் தொலைந்தால், சுடப்பட்ட மாதிரி சுடப்படாத தோட்டாவைப் பற்றிப் பேசும் உரிமையை இழக்கிறது.

பனிப்போர் முடிந்தபின் அமெரிக்கச் சந்தைக்கு வந்த மலிவுவிலைத் தோட்டாக்களை இவ்வொளியில் காண வேண்டும். அவை இருவகையின. முதல்வகை, கிழக்கு ஐரோப்பியக் கிடங்குகளிலிருந்து வந்த பழைய உபரி. அரக்குப் பூசிய எஃகு உறையும் துரு விளைவிக்கும் பிரைமரும் அவற்றின் பொது அடையாளங்கள். இரண்டாம் வகை, துலா, பர்னவுல் முதலிய ரஷ்ய ஆலைகளில் புதிதாக உருவானவை. எஃகு உறை கொண்டிருப்பினும் அவற்றின் பிரைமர் துரு விளைவிக்காதது. அமெரிக்க அரசு 2021இல் விதித்த தடையால் ரஷ்யத் தோட்டாக்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது.

நுகர்வோர் இவ்விருவகையையும் ‘எஃகுத் தோட்டா’ என ஒரே பெயரால் அழைத்தனர். காந்தத்தை அருகில் கொண்டுசென்று ஒட்டுகிறதா என்று பார்ப்பது பரவலான சோதனையாயிற்று. காந்தம் உறையோ குண்டின் மேலுறையோ இரும்பால் ஆனதைச் சொல்லும். பிரைமரைப் பற்றியோ, மருந்து எந்த வெப்பத்தில் எத்தனை ஆண்டு கிடந்தது என்பதைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது. தொகுதி எண்ணோடு முத்திரையிட்ட உலோகப் பெட்டியில் வரும் பழைய உபரியும், பல மூலங்களிலிருந்து திரட்டிப் புதிய அட்டைப்பெட்டியில் அடைத்த உபரியும் காந்தத்தின் முன் சமம். கணக்கின் முன் சமமல்ல. முன்னதில் மாதிரிக்குப் பொருள் உண்டு, பின்னதில் இல்லை.

இவ்விடத்தில் நிறுவன அமைப்பின் வேறுபாடும் கருதத்தக்கது. 1914இல் தொடங்கிய பன்னாட்டு நிலைச் சோதனை ஆணையத்தின் உறுப்பு நாடுகளில், விற்பனைக்கு வரும் தோட்டா சட்டப்படி சோதனைக்கு உட்பட்டது. அமெரிக்காவில் 1926இல் அமைந்த உற்பத்தியாளர் கழகம் வகுக்கும் தரநிலைகள் தன்விருப்பில் பின்பற்றப்படுபவை. முன்னதில் நுகர்வோரின் இடரில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. பின்னதில் அது உற்பத்தியாளரின் நற்பெயரிடம் ஒப்படைக்கப்படுகிறது. பெயரற்ற உபரியில் அந்த நற்பெயரும் இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

தோட்டாவின் தரம் தனித் தோட்டாவின் பண்பாக அறியப்பட இயலாதது; தொகுதியின் பண்பாகவே அறியப்படுவது. மூலப்பொருளின் மலிவு நம்பகமின்மைக்குச் சான்றாகாது. எவன்ஸ்வில்லின் எஃகுத் தோட்டா இதற்குச் சான்று. மூலப்பொருளின் உயர்வு நம்பகத்தன்மைக்கும் சான்றாகாது. இந்தியாவில் பிளந்த பித்தளை உறை இதற்குச் சான்று. தாக்குதிறன், சீர்மை, நம்பகத்தன்மை, சேமிப்புத் தாங்குதிறன், குழலுக்கு விளையும் கேடு ஆகியவை தனித்தனியே மதிப்பிடத்தக்கவை. ஒன்றின் குறையை மற்றொன்றின்மீது ஏற்றுவது பிழை.

போர்க்காலத்தில் மலிவான தோட்டா நம்பத்தக்கதாக இருந்ததற்குக் காரணம், வாங்குநராகிய அரசே சோதனையாளராகவும் பதிவுகாப்பாளராகவும் இருந்தமை. அத்தோட்டா உபரியாகிச் சந்தைக்கு வரும்போது பொருள் கைமாறுகிறது. பதிவு பெரும்பாலும் கைமாறுவதில்லை. விலையில் குறையும் தொகைக்கு ஈடாக நுகர்வோர் ஏற்பது, பெரும்பாலும் தாழ்ந்த உலோகத்தையன்று, அறியப்படாத கடந்தகாலத்தையே. டாட்ஜும் ரோமிக்கும் நுகர்வோரின் இடர் என்று பெயரிட்டது இதனைத்தான். பயிற்சிக் களத்தில் பொய்க்கும் தோட்டா சிறு தொல்லை. காவற்பணியில் பொய்ப்பது உயிரிழப்பு. ஆகவே எவ்வளவு இடரை ஏற்கலாம் என்பதைப் பயன்பாடே தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு இடர் உள்ளது என்பதைத் தொகுதியின் பதிவே சொல்ல வேண்டும். பதிவில்லாத தோட்டாவுக்கு விலை எவ்வளவாயினும், அதன் தரம் குறித்த பேச்சு ஊகமாகவே நிற்கும்.